உங்களுக்குத் தெரியுமா? – கேள்விக்கும் ஒரு வெள்ளோட்டம்

● பெரிய கணக்கெடுப்புக்கு முன் கேள்விகளையும் முறையையும் சிறிய அளவில் களத்தில் ஓட்டிப் பார்ப்பதில் உலகுக்கு முன்னோடிகளில் ஒருவர் இந்தியப் புள்ளியியலாளர் பி.சி. மஹலனோபிஸ். 1937-ல் வங்காளத்தின் சணல் பரப்பை மதிப்பிட அதைக் கையாண்டார்.

● 'வழக்கமான ஒரு வாரத்தில் எத்தனை நாள் கடினமாக உழைப்பீர்கள்?' தொற்றா நோய் ஆய்வுக்கான உலக சுகாதார நிறுவனத்தின் 'ஸ்டெப்ஸ்' கேள்வித்தாள் இப்படிக் கேட்கிறது. தமிழ்நாடும் 2020-ல் அந்த முறையில் ஆய்வு நடத்தியது. தஞ்சைப் பக்கம் வழக்கமான வாரம் எது? ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தால் குறுவை நடவில் இடுப்பு ஒடியும். தை பிறந்தால் சம்பா அறுவடை. சித்திரையில் வயல் வெடித்துக் கிடக்கும், கூலிக்காரருக்கு வேலை இருக்காது. சித்திரையில் மட்டும் வெள்ளோட்டம் விட்டால் கேள்வி சரியாகத்தான் தோன்றும். நடவு நாளிலும் கேட்டுப் பார்த்தால்தான் குட்டு வெளிப்படும். ஆனால் அன்று ஆளை வரப்பில்தான் தேடிப் பிடிக்க வேண்டும்!

● அதே கேள்வித்தாளில் ஒரு பங்கு காய்கறி என்பது 80 கிராம். உருளைக்கிழங்கும் மரவள்ளியும் கணக்கில் சேராது. சாம்பாரில் கரைந்த கத்திரிக்காய் எத்தனை கிராம்? அடுப்படியில் நிற்கும் அம்மாவே திணறுவார். உள்ளூர்க் காய், உள்ளூர்க் கிண்ணம் வரைந்த படஅட்டை இல்லாமல் இதைக் கேட்பது வீண்.

● வயது கேட்டால் பலரும் 40, 45, 50 என்று முழுசாக்கிச் சொல்வார்கள். இதை அளக்க 'விப்பிள் குறியீடு' உண்டு. எல்லா வயதும் 0 அல்லது 5-ல் முடிந்தால் 500. அப்படிச் சாய்வே இல்லையென்றால் 100. சரியான வயதை அறிய டெல்டாவில் நல்ல வழி, "1977 நாகப்பட்டினம் புயலப்போ பள்ளிக்கூடம் போய்க்கிட்டிருந்தீங்களா?" என்று கேட்பது. இளையவர்களுக்கு 2004 சுனாமி, 2018 கஜா.

● தேசிய குடும்ப நல ஆய்வில் இரத்த அழுத்தத்தை மூன்று முறை அளப்பார்கள். முந்தைய அரை மணி நேரத்தில் சாப்பிட்டீர்களா, புகைத்தீர்களா, காபி குடித்தீர்களா என்றும் விசாரிப்பார்கள். கும்பகோணத்தில் காலையில் போய் இதைக் கேட்பவர் பாவம்.

● அதே ஆய்வில் குடும்ப வன்முறை பற்றிய கேள்விகளை வீட்டுக்கு ஒரே ஒரு பெண்ணிடம், தனிமையில்தான் கேட்க வேண்டும். தனிமை கிடைக்காவிட்டால் அந்தப் பகுதியையே விட்டுவிட வேண்டும். மாமியாரும் பக்கத்து வீட்டு அத்தையும் திண்ணையில் வந்து உட்கார்ந்துவிடும் ஊரில், கொல்லைப்புறமா, மாட்டுக்கொட்டகையா, எங்கே உட்கார்ந்து பேசலாம் என்பதையும் வெள்ளோட்டத்திலேயே பார்த்துவைப்பது நல்லது.