கரிய விண்கல்லின் இனம் காணல்

2017-ஆம் ஆண்டு ஜூன் 6-ஆம் நாள் விடியற்காலையில், ஜெய்ப்பூரை அடுத்த முகுந்தபுரா என்னும் சிற்றூரில் வானிலிருந்து ஒரு கல் விழுந்து நொறுங்கியது. எடை ஏறத்தாழ 2 கிலோ. பார்ப்பதற்கு அடுப்புக்கரி போன்றது. ஆராய்ந்தோர் அதனைச் 'சி.எம். 2' என வகுத்தனர். நிலவியல் முதுகலை பயிலும் என்னிடம், "அதென்ன எழுத்து, அதென்ன எண்?" என்று சங்கத்து நண்பர்கள் வினவுவதுண்டு. அவர்கட்கே இக்கட்டுரை.

எழுத்தை முதலில் முடித்துவிடுவோம். 'சி' என்பது கரியுடைக் காண்டிரைட்டு என்னும் பெரும்பிரிவு. அடுத்த எழுத்து ஊர்ப்பெயரின் முதலெழுத்து. 'எம்' உக்ரைனில் 1889-இல் கல் விழுந்த மிகெய். 'ஐ' தான்சானியாவின் இவுனா. 'வி' இத்தாலியின் விகரானோ. அவ்வூர்க் கல்லை முன்மாதிரியாகக் கொண்டு பிற கற்களை ஒப்பிடுவர். பெயரில் கரி இருப்பினும் கரியை மட்டும் அளந்து இனம் பிரிப்பதில்லை!

கல்லை 0.03 மில்லிமீட்டர் கனமுள்ள சீவலாகத் தேய்த்தால் ஒளி ஊடுருவும். நுண்பெருக்கியில் நோக்கின், கரிய மாவினிடையே உருண்டை மணிகள் தென்படும். இவையே காண்டிரூல்கள், உருகிய துளிகள் விண்வெளியிலேயே உறைந்தவை. மெக்சிகோவில் 1969-இல் விழுந்த அயெந்தே 'சி.வி.' இனம், அதன் மணிகள் கசகசா அளவின, ஏறத்தாழ 1 மில்லிமீட்டர். 'சி.எம்.' கல்லில் அவை 0.3 மில்லிமீட்டர்தான்; மாவே மிகுதி. 'சி.ஐ.' கல்லிலோ மணிகளே இல்லை எனலாம். கண்ணால் ஐயம் தீராவிடின், ஆக்சிஜன் ஐசோடோப்புகளின் விகிதம் தீர்த்துவைக்கும்.

எண்ணில்தான் சுவை இருக்கிறது. 1967-இல் வான் ஷ்மஸ், உட் என்னும் இருவர் வகுத்த முறை இது. 3 என்றால் பெரிதும் மாறாத கல். அதற்குமேல் ஏற ஏற வெப்பத்தால் மாறியது. கீழே இறங்க இறங்க நீரால் மாறியது. கல்லில் நீரா என வியக்கலாம். இக்கல் முன்பு ஒரு சிறுகோளின் பகுதியாய் இருந்தபோது, அங்கிருந்த பனிக்கட்டி உருகி உள்ளே ஊறியிருக்கிறது. அந்நீர் மணிகளிலுள்ள கண்ணாடி போன்ற பகுதியையும் உலோகத் துகள்களையும் முதலில் தின்னும். பிறகு ஒலிவினையும் பைராக்சீனையும். அவற்றின் இடத்தில் செர்ப்பன்டைன் முதலிய களிமண் போன்ற கனிமங்கள் குடியேறும். மணியின் வடிவம் அப்படியே நிற்க, உள்ளீடு மட்டும் மாறிப்போன விந்தையையும் காணலாம். ஒலிவின் ஓரளவேனும் எஞ்சியிருப்பின் 2. ஏறக்குறைய முற்றும் அழிந்திருப்பின் 1.

முகுந்தபுராக் கல்லில் நீரின் வேலை மிகுதி. ஆகவே அது 1-ஐ ஒட்டியது என வாதிடுவோரும் உளர். இதில் ஒரு சாராரைத் தவறு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சி.எம். கற்களுள் பல, வெவ்வேறு அளவில் நீர் பட்ட துண்டுகள் ஒட்டிச் சேர்ந்த கலவைகள். ஒரு சீவல் 2 என்றும், மற்றொரு சீவல் 1 என்றும் சொல்லக்கூடும். எந்தத் துண்டு என்று கூறாமல் எண்ணை மட்டும் கூறுவது அரைச் செய்திதான்.

பூமியின் நீரும் இக்கனிமங்களை மாற்றும் என்பதுதான் பெருந்தொல்லை. ஒரு மழை பெய்தால் போதும், சிறுகோளின் நீர் செய்தது எது, நம் மழை செய்தது எது என்று பிரித்தறிவது கடினமாகிவிடும். எனவே விண்கல் விழக் கண்டால் கழுவ வேண்டா. காந்தத்தையும் அருகே கொண்டுபோக வேண்டா, கல்லில் பதிந்துள்ள பழங்காந்தக் குறிப்பு அழிந்துவிடும். தூய காகிதத்தில் பொதிந்து, இடமும் நேரமும் குறித்து, இந்தியப் புவியியல் ஆய்வுத் துறைக்கு அறிவியுங்கள். நம் நாட்டு விண்கற்களைக் காக்கும் அதன் காப்பகம் கொல்கத்தாவில் உள்ளது.