பள்ளி ஆலோசனைக் குழு: முன்வரிசை நாற்காலிக்கு அப்பால்

பள்ளிப் பரிசளிப்பு விழாக்களில் முன்வரிசையில் அமர்ந்திருக்கும் சிலரை, 'பள்ளி ஆலோசனைக் குழு உறுப்பினர்கள்' என்று நெறியாளர் அறிமுகப்படுத்துவார். பெற்றோர் கைதட்டுவர். அவர்கள் யார், என்ன செய்கிறார்கள், அவர்களை அங்கு அமர்த்தியது யார் என்பது பலருக்குத் தெரியாது. பிள்ளை ஆறாண்டு படித்து வெளியேறும்போதும் தெரியாமலே போய்விடுவதுண்டு.

சிங்கப்பூரில் இந்தக் குழுக்கள் எல்லாம் ஒரே மாதிரியானவை அல்ல. அரசாங்கப் பள்ளிகளில் இயங்குவது ஆலோசனைக் குழு. கிறிஸ்துவ சபைகளும் சீனச் சங்கங்களும் தொடங்கி, இன்று அரசாங்க உதவி பெறும் பள்ளிகளில் இருப்பது நிர்வாகக் குழு. 1988 முதல் உருவான சுயேச்சைப் பள்ளிகளில் ஆளுநர் குழு உள்ளது. கட்டணம், ஊழியர் நியமனம் போன்றவற்றில் ஆளுநர் குழுவுக்கு உண்மையான அதிகாரம் உண்டு. ஆலோசனைக் குழுவுக்கு அது இல்லை. முதல்வரை நியமிப்பதும் பாடத்திட்டத்தை வகுப்பதும் கல்வி அமைச்சு.

மற்ற நாடுகளோடு ஒப்பிட்டால் வேறுபாடு நன்றாகத் தெரியும். இங்கிலாந்தில் பல சாதாரண அரசாங்கப் பள்ளிகளில்கூட சம்பளம் வாங்காத ஆளுநர்கள்தான் தலைமையாசிரியரைத் தேர்வு செய்கின்றனர். வரவுசெலவுத் திட்டத்துக்கும் ஒப்புதல் தருகின்றனர். இந்தியாவின் 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டம், பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோராக இருக்கவேண்டும், பாதிப்பேர் பெண்களாக இருக்கவேண்டும் என்கிறது. சிங்கப்பூரில் அப்படியொரு தேர்தலோ ஒதுக்கீடோ கிடையாது. வட்டார வர்த்தகர்கள், முன்னாள் மாணவர்கள், நிபுணர்கள், சமூகத் தொண்டூழியர்கள் ஆகியோர் அழைப்பின் பேரில் இடம்பெறுகின்றனர்.

அதிகாரம் இல்லாத குழு எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான்.

தமிழ்ச் சமூகத்துக்கு இது புதிய பொறுப்பு அன்று. ஒரு காலத்தில் பள்ளிக்கூடத்தையே குழு வைத்து நடத்திய சமூகம் இது. நாரிஸ் சாலையில் ராமகிருஷ்ண மிஷன், ஆண்களுக்கு விவேகானந்தர் பெயரிலும் பெண்களுக்குச் சாரதாமணி பெயரிலும் தமிழ்ப் பள்ளிகளை நடத்தியது. சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் 1946ல் உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளியைத் தொடங்கியது. சீறாப்புராணம் பாடிய புலவரின் பெயர் தாங்கிய அப்பள்ளி 1960ல் உயர்நிலை வகுப்புகளையும் ஆரம்பித்தது. தமிழை முதல்மொழியாகக் கொண்ட ஒரே உயர்நிலைப்பள்ளி அதுவே. அத்தகைய பள்ளிகளில் வாடகை, ஆசிரியர் சம்பளம், மேசை நாற்காலி எல்லாம் நிர்வாகக் குழுவின் தலைவலி. ஆலோசனை சொல்லிவிட்டு வீட்டுக்குப் போகும் வசதி அன்றைய உறுப்பினர்களுக்கு இல்லை.

நான்கு மொழிப் பள்ளிகளையும் சமமாக நடத்தவேண்டும் என்று 1956ல் அனைத்துக் கட்சிக் குழு பரிந்துரைத்தது. அதன் பிறகு அரசாங்க உதவி கூடியது. ஆனால் பெற்றோர் ஆங்கிலப் பள்ளிகளை நாடியதால் மாணவர் எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்தது. 1982ல் உமறுப் புலவர் உயர்நிலைப்பள்ளி மூடப்பட்டது. மறு ஆண்டு அதன் பெயரிலேயே தமிழ் மொழி நிலையம் உருவானது. தேக்காவுக்கு அருகே பீட்டி சாலையில் அது இன்றும் இயங்குகிறது. பள்ளி போனபோது அதை நடத்திய குழுவின் பணியும் போனது. நிர்வாக மேசையில் தமிழருக்கு இயல்பாக இருந்த இடம் அத்துடன் இல்லாமற்போனதைப் பற்றி அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

இன்று தமிழ் மாணவர்கள் தீவெங்கும் பரவிப் படிக்கிறார்கள். ஒரு பள்ளியில் அவர்கள் சிறு எண்ணிக்கையினர். அங்குதான் ஆலோசனைக் குழுவின் மதிப்பு புரியும்.

உயர்நிலைப்பள்ளியில் தமிழ் வகுப்பு இல்லையென்றால், மாணவர் பள்ளி முடிந்து உமறுப் புலவர் நிலையத்துக்கோ வேறொரு நிலையத்துக்கோ செல்லவேண்டும். அதே பிற்பகலில் பள்ளி அணியின் பயிற்சி வைக்கப்பட்டால் ஒன்றை விடவேண்டியிருக்கும், அல்லது பாதியில் ஓடவேண்டியிருக்கும். யாரும் வேண்டுமென்று அப்படி அட்டவணை போடுவதில்லை. அந்தச் சிக்கல் அட்டவணை போடுபவர் கண்ணில் படுவதே இல்லை, அவ்வளவுதான். குழுவில் ஒருவர் அதை எடுத்துச் சொன்னால் முதல்வர் பயிற்சி நாளை மாற்றிப் பார்க்கலாம். இதற்குச் சட்ட அதிகாரம் தேவையில்லை.

பண விவகாரம் இன்னும் முக்கியம். கல்வி அமைச்சின் நிதி உதவித் திட்டத்துக்கு 2025 முதல் மாதக் குடும்ப வருமானம் 4,000 வெள்ளிக்குள், அல்லது தலா வருமானம் 1,000 வெள்ளிக்குள் இருக்கவேண்டும். இந்த வரம்புகளைச் சற்றே தாண்டிய குடும்பம் என்ன செய்யும்? தந்தை வேலை இழந்த மாதத்தில், தாய் மருத்துவமனையில் இருக்கும் மாதத்தில், பழைய சம்பளச் சீட்டை மட்டும் பார்த்து எதையும் முடிவுசெய்ய முடியாது. இப்படிப்பட்ட மாணவர்களுக்கு ஆலோசனைக் குழு திரட்டும் நிதியிலிருந்து உதவப் பள்ளிகளுக்கு வழி உண்டு. நிதி திரட்டுவது உறுப்பினர்களின் முக்கிய வேலைகளில் ஒன்று. ஆனால் பணம் இருந்தும் கேட்கத் தயங்கும் குடும்பத்துக்கு அது போய்ச் சேராது. வெட்கப்பட்டு விண்ணப்பிக்காத தமிழ்ப் பெற்றோரின் மனம் அறிந்த ஒருவர் குழுவில் இருப்பது அங்கு உதவும்.

உறுப்பினர்களுக்கு யார் உதவுவது?

நல்ல மனத்துடன் சேரும் தொண்டூழியர் முதல் கூட்டத்திலேயே திணறிப்போவது இயல்பு. அவர் படித்த காலத்துப் பள்ளி இப்போது இல்லை. தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வில் 2021 முதல் மொத்த மதிப்பெண்ணுக்குப் பதிலாக அடைவுநிலைகள் வந்துவிட்டன. 2024ல் உயர்நிலை ஒன்றில் சேர்ந்தோர் முதல் விரைவுநிலை, வழக்கநிலை என்ற பிரிவுகளும் இல்லை; ஒவ்வொரு பாடத்தையும் தத்தம் திறனுக்கேற்ற நிலையில் படிக்கிறார்கள். இது புரியாதவர் ஆலோசனை சொல்ல முற்பட்டால், 'எங்கள் காலத்தில்' என்றுதான் பேச்சு தொடங்கும். புதிய உறுப்பினருக்கு ஓர் அறிமுகப் பயிற்சி, வகுப்பறைகளைச் சுற்றிப் பார்க்க ஒரு நாள், சொற்களை விளக்கும் சிறு குறிப்பேடு ஆகியவை பெரிய செலவு பிடிப்பவை அல்ல.

அடுத்து, தகவல். கூட்டத்தில் அழகான படத்தொகுப்பைக் காட்டிவிட்டுக் கருத்துக் கேட்டால் "நன்றாக இருக்கிறது" என்பதைத் தவிர வேறு பதில் வராது. எத்தனை பேர் உதவி கேட்டார்கள், எத்தனை பேருக்குக் கிடைத்தது, எத்தனை பேர் அடிக்கடி பள்ளிக்கு வருவதில்லை என்ற விவரங்கள், பெயர் இல்லாமல், முன்கூட்டியே கைக்கு வரவேண்டும். நன்கொடைப் பணத்தைக் கையாளும் குழுவில் கணக்கு வாசிக்கத் தெரிந்த ஒருவராவது இருப்பது அவசியம். தேசியச் சிறுநீரக அறநிறுவன விவகாரம் 2005ல் வெடித்த பிறகு, நல்ல நோக்கம் மட்டும் போதாது என்பது இங்கு எல்லாருக்கும் தெரியும். அறநிறுவனங்களுக்கான நிர்வாக நெறிமுறை 2007ல் வந்ததும் அந்தப் பின்னணியில்தான்.

எல்லை தெரிந்திருப்பதும் ஓர் உதவியே. ஆசிரியர் மீதான புகாரை விசாரிப்பதோ, தெரிந்தவர் பிள்ளைக்கு இடம் கேட்பதோ உறுப்பினர் வேலை அன்று. முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிட்டால் பின்னர் சங்கடம் இல்லை. மறுபுறம், பெரிய முடிவுகள் குழுவின் கைக்கு வெளியே எடுக்கப்படுவதும் உண்டு. எட்டுத் தொடக்கக் கல்லூரிகள் உட்பட 28 பள்ளிகள் 2019ல் இணையும் என்று 2017ல் அமைச்சு அறிவித்தது. அத்தகைய வேளையில் பள்ளியின் வரலாறு, உபகாரச் சம்பள நிதி, முன்னாள் மாணவர்களின் வருத்தம் ஆகியவற்றைக் கவனிக்க ஒரு குழு இருப்பது சிறிய விஷயமன்று.

இதில் சேர விரும்புவோர் அழைப்பு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. பெற்றோர் ஆதரவுக் குழுவில் ஓராண்டு வேலை செய்தவரைப் பள்ளி அறிந்திருக்கும். பழைய மாணவர் சங்கம் இன்னொரு வாசல். முதல்வரை நேரில் பார்த்து, தம் தொழில் என்ன, எதில் உதவ முடியும், எந்த மாலைகளில் வர முடியும் என்று சொல்லிவைக்கலாம். கணக்காளர், தாதி, சமூக ஊழியர், தேக்காவில் கடை நடத்தும் வணிகர் எனப் பலதரப்பட்டோரும் பள்ளிக்குப் பயன்படுவர். மாணவருக்கு வேலையிடப் பயிற்சி தர முன்வரும் கடைக்காரரை எந்த முதல்வரும் வாசலிலேயே திருப்பி அனுப்பமாட்டார்.