ஓர் அடிக்கு மூன்றரை மில்லிமீட்டர்!

'பொம்மை ரயில்' என்று சொன்னால் கோபித்துக்கொள்கிற ஒரு கூட்டம் உலகம் பூரா இருக்கிறது. "பொம்மை இல்லை சார், மாடல்!" என்று உடனே திருத்துவார்கள். முப்பதிலிருந்து எழுபது வரை எந்த வயசும் இருக்கலாம். பாங்க் ஆபீசர், டாக்டர், ஷிஃப்ட் இன்ஜினீயர் என்று கௌரவமான உத்தியோகம். வீட்டில் ஒரு ரூமுக்குள் மட்டும் குழந்தைகளை விட மாட்டார்கள். எட்டிப் பார்த்தால் இடுப்பு உயரத்துக்கு ஒரு பெரிய மேஜை. அதன் மேல் மலை, பாலம், ஊர், ஸ்டேஷன். நடுவே ஒரு குட்டி ரயில் கடகடவென்று போய்க்கொண்டிருக்கும்.

இந்தப் பைத்தியத்தில் இரண்டு ரகம் உண்டு. ரயிலுக்காக ஊர் கட்டுகிறவர்கள் ஒரு ரகம். ஊர் கட்டுவதற்கு ரயிலைச் சாக்காக வைத்துக்கொள்கிறவர்கள் இன்னொரு ரகம். இந்தக் கட்டுரை இரண்டாவது ரகத்துக்கு. காரணம் ரொம்ப லேசானது. வெளிநாட்டு இன்ஜின் ஒன்று வாங்குகிற காசில் நல்ல செல்போனே வாங்கிவிடலாம். வீடு கட்டுவதற்கு அட்டையும் ஃபெவிகாலும் போதும். அதிலும் பிளான் அப்ரூவல் கிடையாது, இ.எம்.ஐ. கிடையாது!

புனேயில் ஒரு குட்டி நகரம்

நம் நாட்டிலேயே இதைப் பார்க்கணுமா? புனேயில் கோத்ரூட் பகுதிக்குப் போங்கள். பி.எஸ். ஜோஷி என்பவர் பல வருஷம் பொழுதுபோக்காகச் செய்து சேர்த்ததெல்லாம் அங்கே குட்டி ரயில் மியூசியமாக இருக்கிறது. திறந்தது 1998 ஏப்ரல் 1ம் தேதி. தேதியைப் பார்த்துச் சந்தேகப்பட வேண்டாம், நிஜம்தான்! ரயிலைச் சுற்றி முழுசாக ஒரு நகரம். சிக்னல், மேம்பாலம், தெருவிளக்கு, வேலி, சர்க்கஸ் கூடாரம் வரைக்கும் இருக்கிறது. ரயில் ஒரு சுற்று வந்துவிட்டால் பார்த்தாச்சு. ஊரை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நின்று பார்க்கலாம்.

சரி, கடையில் கட்டட கிட் வாங்கி ஒட்டிவிட்டால் என்ன? வாங்கலாம். ஜெர்மனியில் ஃபாலர் என்கிற கம்பெனி 1946ல் ஆரம்பித்து, பிளாஸ்டிக் கட்டட கிட்டுகளுக்கென்றே பேர் வாங்கியது. அழகான வீடுகள். ஆனால் கூரை எல்லாம் பனி வழுக்கிக் கீழே விழுவதற்காகச் செங்குத்தாக இருக்கும். ஜன்னலில் பூந்தொட்டி. அதன் பக்கத்தில் 'வடலூர்' என்று மஞ்சள் போர்டு நட்டால், போர்டுக்கே கூச்சமாக இருக்கும்.

கணக்கு இவ்வளவுதான்

உலகத்தில் அதிகமாகப் புழங்கும் அளவு 1:87. அதாவது நிஜத்தில் 87 அங்குலம் இருப்பது மாடலில் ஓர் அங்குலம். இதை இன்னும் சுலபமாக மனசில் போட்டுக்கொள்ள ஒரு வழி: நிஜத்தில் ஓர் அடி என்றால் மாடலில் மூன்றரை மில்லிமீட்டர். கால்குலேட்டர்கூட வேண்டாம்.

7 அடி வாசக்கால் 24.5 மி.மீ. 10 அடிச் சுவர் 35 மி.மீ. 2 அடித் திண்ணை 7 மி.மீ. நீங்களும் நானும் அந்தத் திண்ணையில் உட்கார ஆசைப்பட்டால், நின்ற உயரம் ஏறக்குறைய 2 சென்டிமீட்டர். தொப்பைக்கு 87ல் ஒரு பங்கு என்பது ஆறுதலான விஷயம்.

ரயிலுக்கு வந்தால்தான் தலைவலி. கடையில் கிடைக்கும் 16.5 மி.மீ. தண்டவாளம், ஐரோப்பாவின் 1,435 மி.மீ. பாதைக்குச் சரியாகப் பொருந்தும். நம்ம பிராட்கேஜ் 1,676 மி.மீ. 87ஆல் வகுத்தால் 19.26 மி.மீ. வரணும். கடைத் தண்டவாளத்தில் நம்ம பெட்டியை ஏற்றினால் குண்டு ஆசாமி சின்ன ஸ்டூலில் உட்கார்ந்த மாதிரி இருக்கும். நீளமும் உதைக்கும். நம்ம எக்ஸ்பிரஸ் பெட்டி ஒன்று மாடலில் சுமார் 25 செ.மீ. 24 பெட்டி கோத்தால் 6 மீட்டர். இன்ஜின் உங்கள் ஹாலில் இருக்கும், கார்டு பக்கத்து வீட்டில் காபி குடித்துக்கொண்டிருப்பார்.

வீடுகளுக்கு இந்த வம்பு எதுவும் இல்லை. அதனால்தான் சொல்கிறேன், முதலில் வீட்டைக் கட்டுங்கள். ரயில் மெதுவாக வரட்டும். நம்ம ஊரில் லேட்டாக வந்தால்தானே அது ரயில்!

தீக்குச்சி பண்ணும் வேலை

முதல் தடவையே ஜங்ஷன் கட்டப் போகாதீர்கள். வயல்வெளி மோட்டார் கொட்டகை ஒன்று செய்யுங்கள். 10 அடிக்கு 8 அடி என்றால் 35 மி.மீ.க்கு 28 மி.மீ. தரை முழுக்கத் தீப்பெட்டிக்குள் அடங்கிவிடும். கல்யாணப் பத்திரிகை அட்டையில் நாலு சுவர் வெட்டுங்கள். ஒட்டுவதற்கு முன்னாலேயே கதவு, ஜன்னலை வெட்டிவிடணும். ஒட்டின பிறகு வெட்டப் போனால் சுவர் விழும், அல்லது விரல் போகும்.

மரத் தீக்குச்சி சுமார் 2 மி.மீ. கனம். 87 மடங்கு ஆக்கினால் 17 செ.மீ. திண்ணைத் தூணுக்கு எடுப்பான அளவு. மீட்டர்கேஜ் பாதையில் போடும் மரக்கட்டை 6 அடி நீளம், அதாவது 21 மி.மீ. ஒரு குச்சியைப் பாதியாக உடைத்தால் ஏறக்குறைய இரண்டு கட்டை! "ஏங்க, நேத்து வாங்கின தீப்பெட்டி அதுக்குள்ள எப்படிங்க காலியாச்சு?" என்று அடுப்படியிலிருந்து குரல் வரும். தனிப் பெட்டி வாங்கிக்கொள்ளுங்கள், குடும்பத்துக்கு நல்லது.

நாட்டு ஓட்டுக் கூரைக்கு நெளி அட்டை. பார்சல் பெட்டியில் வருவது பெரிய நெளி, கண்ணை உறுத்தும். பிஸ்கட் பாக்கெட், பல்பு அட்டைக்குள் வருகிற சன்ன நெளியைத் தேடுங்கள். தகரக் கூரைக்கு அலுமினியத் தாளை ஒரு நோட்டின் மேல் வைத்து, மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவால் ஸ்கேல் பிடித்து நெருக்கமாகக் கோடு கீறினால் போதும்.

கூரை வீட்டுக்கு வைக்கோலையே ஒட்டினால் என்ன என்று தோன்றும். வேண்டாம். 3 மி.மீ. வைக்கோல் தாள் இந்தக் கணக்கில் 26 செ.மீ. கனம். கூரை மேல் தென்னைமரத்தை அடுக்கிய மாதிரி இருக்கும். சாக்குச் சணலைப் பிரித்து, சீப்பால் வாரி, கட்டுக் கட்டாகக் கீழிருந்து மேலே ஒட்டிக்கொண்டு போங்கள். நிஜக் கூரை வேய்கிறவரும் அப்படித்தானே போகிறார்.

கடைசியாக அழுக்கு. புது வீடு மாதிரி பளபளவென்று இருந்தால் மாடல் பொய் சொல்லும். அமெரிக்காவில் ஜான் ஆலன் என்கிற மாடல்காரர் துரு, மழைக் கறை, உதிர்ந்த பெயின்ட் எல்லாவற்றையும் சேர்த்துக் காட்டித்தான் பேர் வாங்கினார். நமக்கு டீ டிகாக்‌ஷன், அடுப்புக்கரித் தூள், துணியில் சலித்த செம்மண் போதும். சுவர் அடியில் கரி, ஓட்டுக்குக் கீழே கறைக்கோடு, வாசப்படியில் மட்டும் தேய்ந்த வெளுப்பு. அந்தத் தேய்மானத்தைப் போட்டதும் வீட்டுக்குள் ஆள் குடிவந்துவிடும்.

கிராமத்தைக் காப்பாற்றியவர்

இவ்வளவு மெனக்கெடுவதில் என்ன லாபம் என்று கேட்பீர்கள். காமர்ஸ் படித்தவன் நான், லாபக் கணக்கு சொல்லாமல் விடுவேனா?

1925ல் ஆஸ்திரேலியாவிலிருந்து இங்கிலாந்துக்கு வந்தார் ராய் இங்கிலாந்து என்கிற இளைஞர். பேரே அதுதான்! ரயில் பார்க்கத்தான் வந்தார். வந்த இடத்தில் கிராமத்துக் கூரை வீடுகளில் மனசு சிக்கிக்கொண்டது. அதே சமயம் அந்த வீடுகள் ஒவ்வொன்றாக இடிபடுவதையும், பழைய கூரை போய்ப் புதுச் சரக்கு ஏறுவதையும் பார்த்தார். தடுக்கக் கையில் காசோ அதிகாரமோ இல்லை. அளவு நாடா இருந்தது. ஒவ்வொரு வீட்டையும் அளந்து, நோட்டில் எழுதி, அட்டையில் வெட்டி, வாட்டர்கலர் அடித்து, ஓர் அடிக்கு 4 மி.மீ. என்று கட்ட ஆரம்பித்தார். 1954ல் அது பெண்டன் மியூசியம் ஆயிற்று. அவர் 1995ல் இறந்துவிட்டார். 1920, 30களின் அந்தக் கிராமப்புறம், தோட்டத்துக் காய்கறிச் செடி உட்பட, இன்றைக்கும் அங்கே கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறது.

நம்ம பக்கமும் இப்படிக் கண்ணெதிரே போனது கொஞ்சமா? ரயில்வே 1992ல் ஒரே பாதைத் திட்டத்தை ஆரம்பித்தது. மீட்டர்கேஜ் ஒவ்வொரு ஊராகப் போயிற்று. கடற்கரை - தாம்பரம் மீட்டர்கேஜ் மின்ரயில் 2004ல் நின்றது. விழுப்புரம் - மயிலாடுதுறை 2010ல் பிராட்கேஜாகத் திறந்தது. கடலூர் - விருத்தாசலம் பாதையும் மாறியாச்சு. பயணிக்கு வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் கைகாட்டி மரம், இன்ஜினுக்குத் தண்ணீர் விடும் தூண், மணி அடிக்கத் தொங்கவிட்ட தண்டவாளத் துண்டு, ஓட்டுக் கூரை கேட் வீடு எல்லாம் வண்டியோடு சேர்ந்து போய்விட்டன. அவற்றின் நீளம், அகலம் எத்தனை பேர் நோட்டில் இருக்கிறது?

வளையமாதேவி

அந்தக் கடலூர் - விருத்தாசலம் பாதையில் இருக்கிற நெய்வேலிக்காரர்களுக்கு இது இன்னும் நன்றாகப் புரியும். 1956ல் பழுப்பு நிலக்கரிக் கம்பெனி பிறந்தது. கிராமங்கள் இருந்த இடத்தில் சுரங்கம் வந்தது. பக்கத்திலேயே வட்டம் வட்டமாக டவுன்ஷிப் எழுந்தது. நாட்டுக்கு மின்சாரம் கிடைத்தது. ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு வேலை கிடைத்தது. வேறு பல குடும்பங்களுக்கு ஊர் போனது.

சேத்தியாத்தோப்புப் பக்கத்து வளையமாதேவியில் 2023 ஜூலையில் சுரங்கத்துக்கான கால்வாய் வெட்ட, பயிர் நின்ற நெல்வயலுக்குள் இயந்திரங்கள் இறங்கின. எப்பவோ கையகப்படுத்திய நிலம் என்றது கம்பெனி. அறுவடைவரை பொறுக்கக் கூடாதா என்றார்கள் விவசாயிகள். இதில் தீர்ப்புச் சொல்கிற பக்கம் இது இல்லை. மாடல்காரன் கண்ணில் படுவது வேறொன்று.

ஜெர்மனியின் பழுப்பு நிலக்கரிச் சுரங்கங்களில் வாளிச் சக்கரம் சுழற்றி மண் அள்ளும் ராட்சத இயந்திரங்கள் உண்டு. நெய்வேலியில் ஓடுவதெல்லாம் அந்த வம்சம்தான். அங்கே இருக்கும் 'பாகர் 289' என்கிற இயந்திரத்துக்கு ரெவல் கம்பெனி 1:200 அளவில் பிளாஸ்டிக் கிட் போட்டது. 200 மீட்டருக்கு மேல் நீளமுள்ள ராட்சதன் மேஜை மேல் ஒரு மீட்டரில் நிற்பான். அதாவது, மண் அள்ளுகிற இயந்திரத்துக்கு கிட் இருக்கிறது. அந்த மண் மேல் இருந்த திண்ணை வீட்டுக்கு எந்தக் கம்பெனியும் கிட் போடவில்லை, போடப்போவதும் இல்லை. அது நம்ம வேலை.

டேப்பை எடுங்கள்

அடுத்த லீவில் ஊருக்குப் போகும்போது ஒரு டேப், ஒரு நோட்டு. பாட்டி வீடோ, பெரியப்பா கொட்டகையோ, எது அடுத்த வருஷம் இருக்காது என்று தோன்றுகிறதோ அதை முதலில் அளங்கள். கேட்டுவிட்டு அளங்கள். "ஆயா, திண்ணையை அளந்துக்கட்டுமா?" என்றால், "எதுக்குப்பா, விக்கிறதுக்கா?" என்று பதறுவார்கள். விளக்கிச் சொன்னால், எந்த வருஷப் புயலில் எந்தச் சுவர் விழுந்தது, எந்தத் தூண் எங்கிருந்து வந்தது என்று அவர்களே கூட வந்து காட்டுவார்கள். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

டேப் எட்டாத உயரமா? ஓர் அடிக்குச் செங்கல் எத்தனை வரிசை என்று கீழே பார்த்துக்கொண்டு, மேலே எண்ணிக்கொண்டே போகலாம். அல்லது அளவு தெரிந்த கம்பு ஒன்றைச் சுவரில் சாத்தி, எதிரே நேராக நின்று போட்டோ எடுங்கள். ஸ்டேஷன் என்றால் ஸ்டேஷன் மாஸ்டரிடம் முதலில் சொல்லிவிடுங்கள். பிளாட்பாரத்தில் டேப்போடு குனிந்து நிற்பவரை ரயில்வே போலீஸ் கலைஞர் என்று நினைக்க மாட்டார்கள்.

நோட்டைப் பத்திரமாக வையுங்கள். முன்னே சொன்ன ஜான் ஆலன் 1973ல் இறந்த சில நாளிலேயே, அவர் பல வருஷம் கட்டிய ரயில் ஊர் தீ விபத்தில் பெரும்பாலும் எரிந்துபோனது. அட்டையும் தீக்குச்சியும் எரியத்தான் செய்யும். அளவு நோட்டில் இருந்தால் இன்னொருத்தர் திரும்பக் கட்டிவிடலாம். அதனால் ஒரு காப்பி எடுத்து அண்ணன் வீட்டில் கொடுத்து வையுங்கள்.

அப்புறம் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கல்யாணப் பத்திரிகை அட்டையை எடுங்கள். முதல் சுவர் கோணலாகத்தான் வரும். கவலைப்படாதீர்கள். ஊரில் நிஜச் சுவரும் கொஞ்சம் கோணல்தான்.