தகவல் துளி: மூன்று ஆல்பங்கள், ஒரே குரல்

மைக்கேல் ஜாக்சனின் ஆல்பங்களில் எது உசத்தி? ரசிகர்களிடையே ஓயாத வாதம் இது.

1979-இல் ‘ஆஃப் தி வால்’, 1982-இல் ‘த்ரில்லர்’, 1987-இல் ‘பேட்’. மூன்றுக்கும் தயாரிப்பாளர் குவின்சி ஜோன்ஸ். உலகிலேயே அதிகம் விற்ற ஆல்பம் ‘த்ரில்லர்’. அதிலுள்ள ‘பில்லி ஜீன்’ பாடலைக் கேளுங்கள்: முதலில் டிரம்ஸ், பிறகு பேஸ் கிட்டார், ஏறக்குறைய அரை நிமிடம் கழித்தே குரல் வரும்.

ஆனால், பாடலாசிரியராக ஜாக்சன் வளர்ந்த விதத்தைப் பாருங்கள். இம்மூன்றில் முதல் ஆல்பத்தின் 10 பாடல்களில் அவர் எழுத்தில் பிறந்தவை 3. அடுத்ததில் 9-க்கு 4. ‘பேட்’ ஆல்பத்திலோ இரண்டைத் தவிர எல்லாமே அவர் எழுதியவை! விற்பனையில் ‘த்ரில்லர்’ முந்தட்டும். ஜாக்சன் என்ற படைப்பாளியை முழுதாக அறிய, மூன்றையும் வரிசையாகக் கேளுங்கள்.