சொந்தக் கணினியில் ஒரு கலைக்களஞ்சியம்

ஊர்க்கோயிலின் கல்வெட்டுச் செய்திகளையும், பள்ளியின் பழைய வரலாற்றையும், குடும்பத்தின் வமிசாவளியையும் எழுதி வைக்க விரும்புகிறவர்கள், இன்று பெரும்பாலும் எங்கோ இருக்கும் ஒரு நிறுவனத்தின் இணையச் சேவையில் கணக்குத் தொடங்கி, அனைத்தையும் அங்கேயே ஒப்படைத்து விட்டு நிம்மதியடைகிறார்கள். அந்நிறுவனம் நாளை தன் விதிகளை மாற்றினாலோ, சேவையையே நிறுத்திவிட்டாலோ, வருஷக்கணக்கில் பிரயாசைப்பட்டுச் சேகரித்த விஷயங்களின் கதி என்ன என்பதை அவர்களில் அநேகர் யோசிப்பதில்லை. மேஜைமீது இருக்கும் கணினியிலேயே, மென்பொருளுக்கென்று ஒரு பைசாவும் செலவிடாமல், தம்முடைய பூரண அதிகாரத்தின் கீழ் அதே காரியத்தைச் செய்துகொள்ள வழியிருக்கிறது. அந்த வழி மீடியாவிக்கி என்ற மென்பொருள்.

விக்கிப்பீடியா இயங்குவது இந்த மென்பொருளின் துணையால்தான். 2001-இல் அக்கலைக்களஞ்சியம் பிறந்தபோது வேறொரு எளிய நிரலே உபயோகத்தில் இருந்தது. கட்டுரைகள் பெருகப் பெருக அது தாங்காமற் போகவே, ஜெர்மனியில் அப்போது மாணவராயிருந்த மாக்னஸ் மான்ஸ்கே என்பவர் பி.எச்.பி மொழியில் புதிதாக ஒன்றை எழுதிக் கொடுக்க, 2002 ஜனவரி 25-ஆம் தேதி அது நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டில் லீ டேனியல் கிராக்கர் அதை மறுபடி எழுதிச் செம்மைப்படுத்தினார். குனூ பொது உரிமத்தின் கீழ் வெளியிடப்படுவதால், அதை இறக்கிக்கொள்ளவும், மாற்றிக்கொள்ளவும், பிறருக்கு வழங்கவும் எவருக்கும் சுதந்திரம் உண்டு.

ஒரு சாதாரண நிரலைப்போல் இதை இரண்டு முறை அழுத்தி நிறுவிவிட முடியாது. ஏனெனில் இது வலைச்செயலி. உலாவி கேட்கும் பக்கத்தை எடுத்துக் கொடுக்க ஒரு வலைச் சேவையகமும், அந்தப் பக்கத்தை அவ்வப்போது உருவாக்கப் பி.எச்.பி மொழியும், கட்டுரைகளைச் சேமித்து வைக்க ஒரு தரவுத்தளமும் ஆக மூன்று துணைகள் இதற்கு அவசியம். விண்டோஸ் கணினி வைத்திருப்பவர்களுக்கு இம்மூன்றையும் ஒரே பொதியில் தருவது ஸாம்ப். அதில் சேவையகமாக அப்பாச்சியும், தரவுத்தளமாக மரியாடிபியும் இருக்கின்றன. அதைப் புரோகிராம் பைல்ஸ் கோப்புறைக்குள் வைத்தால் விண்டோஸின் பாதுகாப்புக் கட்டுப்பாடுகள் குறுக்கிடும். சி டிரைவின் தலைவாயிலிலேயே தனிக் கோப்புறையாக வைப்பது உசிதம்.

ஸாம்பின் கட்டுப்பாட்டுப் பலகையில் அப்பாச்சியையும் தரவுத்தளத்தையும் இயக்கிவிட்டு, மீடியாவிக்கியின் பொதியைப் பிரித்து ஹெச்டிடாக்ஸ் என்ற கோப்புறைக்குள் ‘விக்கி’ என்பதுபோன்ற சிறு பெயரில் வைத்து, உலாவியில் லோக்கல்ஹோஸ்ட் என்ற முகவரியோடு அப்பெயரையும் சேர்த்துத் திறந்தால், நிறுவும் பக்கம் நம்மை வரவேற்கும். இங்கே புதியவர்களைத் தயங்கச் செய்யும் இடையூறுகள் இரண்டு. முதலாவது, 80-ஆம் எண் கொண்ட போர்ட்டை வேறொரு நிரல் ஏற்கெனவே பிடித்துக்கொண்டிருந்தால் அப்பாச்சி கிளம்பாது. அதன் அமைப்புக் கோப்பில் 80 என்பதை 8080 என்று மாற்றி, முகவரியிலும் அந்த எண்ணைச் சேர்த்துக்கொண்டால் தீர்ந்தது. இரண்டாவது, மீடியாவிக்கிக்கு இன்றியமையாத ‘இன்ட்ல்’ என்ற நீட்சி ஸாம்பில் உறக்க நிலையில் இருக்கக்கூடும். பி.எச்.பியின் அமைப்புக் கோப்பில் அதன் வரிக்கு முன்னிருக்கும் அரைப்புள்ளியை நீக்கி, அப்பாச்சியை மறுபடி இயக்க வேண்டும்.

பிறகு கேட்கப்படும் கேள்விகள் எளியவை: தரவுத்தளத்தின் பெயர், நாம் உருவாக்கும் கலைக்களஞ்சியமாகிய விக்கியின் பெயர், நிர்வாகியின் கடவுச்சொல். முடிவில் லோக்கல்செட்டிங்ஸ் என்ற சிறு கோப்பு ஒன்று நம் கையில் தரப்படும்; அதை விக்கியின் கோப்புறையில் வைத்தவுடனே முதற்பக்கம் திறந்துகொள்ளும். விக்கியின் மொழியாகத் தமிழைத் தேர்ந்தெடுத்தால், தன்னார்வலர்கள் பொறுமையோடு மொழிபெயர்த்து வைத்த பொத்தான்களும் குறிப்புகளும் தமிழிலேயே தோன்றும். பெயர் அறியாத அந்தத் தொண்டர்களுக்கு நாம் பெரிதும் கடமைப்பட்டிருக்கிறோம்.

பள்ளியிலோ நூலகத்திலோ உள்ள மற்றக் கணினிகளும் இதைப் பார்க்க வேண்டுமானால், லோக்கல்செட்டிங்ஸில் சேவையகத்தின் பெயராக உள்ள லோக்கல்ஹோஸ்டுக்குப் பதிலாக விக்கி இருக்கும் கணினியின் ஐ.பி முகவரியை எழுதி, விண்டோஸின் பயர்வாலில் அனுமதி அளித்தால் போதும். ஆனால் இவ்வமைப்பை அப்படியே உலக இணையத்துக்குத் திறந்துவிடுவது பெரும் அபாயம். ஸாம்ப், நிரல் எழுதுவோரின் சௌகரியத்துக்காக உண்டானது. அதன் தரவுத்தளத்தின் தலைமைப் பயனருக்கு ஆரம்பத்தில் கடவுச்சொல்லே இராது.

நிறுவுவது ஒரு நாள் மாலையில் முடிந்துவிடும் காரியம். உண்மையான வேலை அதற்குப் பிறகு தொடங்குகிறது. நான் வாசகர்களிடம் முக்கியமாகச் சொல்ல விரும்புவதும் அதுவே. விக்கியின் கோப்புறையை மட்டும் பென் டிரைவில் பிரதி எடுத்து வைத்துக்கொண்டு, எல்லாம் பத்திரமாக இருப்பதாக நம்புகிறவர்கள் உண்டு. ஆனால் நாம் எழுதிய கட்டுரைகள் அந்தக் கோப்புறையில் இல்லை. அவை தரவுத்தளத்தில் இருக்கின்றன. ஆகவே ஸாம்பிலேயே உள்ள பிஎச்பிமைஅட்மின் என்ற கருவியின் வழியாகத் தரவுத்தளத்தின் பிரதியையும், படங்கள் இருக்கும் கோப்புறையையும், லோக்கல்செட்டிங்ஸ் கோப்பையும் சேர்த்து எடுத்து, நம் கணினிக்கு வெளியே வேறோரிடத்தில் வைத்தால்தான் அது பாதுகாப்பு. பாதுகாப்புக் குறைகளைத் திருத்திப் புதிய பதிப்புகள் வரும்போதெல்லாம், முதலில் பிரதி எடுத்துக்கொண்டு, பிறகு புதிய பதிப்பை நிறுவி, தரவுத்தளத்தையும் அதற்கேற்பப் புதுப்பிப்பதும் நம் கடமையாகிறது.

பிறரிடம் ஒப்படைத்தவனுக்கு இந்தக் கவலைகள் இல்லை என்பது மெய். அவனுக்கு உரிமையும் இல்லை என்பது அதைவிடப் பெரிய மெய். தம் ஊரின் சரித்திரத்தையும் தம் முன்னோரின் நினைவுகளையும் அடுத்த தலைமுறைக்குச் சேர்க்க விரும்புகிற ஒவ்வொருவரும், நூலகங்களும் பள்ளிகளும், இந்தப் பொறுப்பை மனமுவந்து ஏற்க முன்வர வேண்டும். முதற்கட்டுரையை எழுதிச் சேமிக்கும் நாளிலேயே முதற்பிரதியையும் எடுத்து வையுங்கள்.