மின்செலவு மிகுந்த காரணம்

வீட்டிற்கு வேண்டிய அரிசியையும் பருப்பையும் நாம் அளந்தோ நிறுத்தோ வாங்குகிறோம். அவை நாளும் குறைந்து வருதலைக் கண்ணாற் காண்கிறோம். மின்சாரமோ கண்ணுக்குப் புலனாகாமலே வந்து, புலனாகாமலே செலவாகிறது. அதன் செலவை நமக்கு அறிவிப்பது சுவரில் மாட்டியுள்ள மீட்டர் ஒன்றே. ஆதலின், மின்கட்டணம் திடீரென மிகும்பொழுது காரணம் அறியாது திகைப்பதும், அருகில் இருப்பவர்மேல் பழி கூறுவதும் பலர்க்கு இயல்பாகிவிட்டன. நோயின் காரணத்தை ஆராய்ந்தறிந்த பின்னரே மருத்துவம் செய்தல் வேண்டும் என்பது திருக்குறளின் 'மருந்து' என்னும் அதிகாரம் காட்டும் நெறி. அந்நெறி மின்செலவுக்கும் பொருந்தும் என்பதை எறையூரில் நிகழ்ந்த ஒரு நிகழ்ச்சி நன்கு விளக்கும்.

எறையூர் பெரம்பலூர் மாவட்டத்தில் உள்ள ஊர். கரும்பு விளைச்சலும் சர்க்கரை ஆலையும் உடையது. அங்கே எம் அண்டை வீட்டில் ஓர் உழவர் குடும்பத்தினர் வாழ்கின்றனர். 2022ஆம் ஆண்டு கார்த்திகை மாதத்தில் அவ்வீட்டிற்கு மின்கணக்கு எடுக்கப்பட்டது. வழக்கமாக இரண்டு மாதங்களுக்கு 218 அலகு அளவில் செலவாகும் அவ்வீட்டில், அம்முறை 545 அலகுகள் செலவாகியிருந்தன. தந்தையார் திடுக்கிட்டார். பன்னிரண்டாம் வகுப்பில் பயிலும் மூத்த மகளை அழைத்து, "இரவெல்லாம் விளக்கை எரித்துக்கொண்டு படித்தால் கட்டணம் ஏறாமல் என்ன செய்யும்? இனி ஒன்பது மணிக்குமேல் விளக்கு எரியக்கூடாது" என்று கடிந்துரைத்தார். அப்பெண் கண் கலங்கியவளாய் எம்மிடம் வந்து, "தமிழையா, ஒரு விளக்கு இவ்வளவு மின்சாரத்தைச் செலவழிக்குமா?" என்று வினவினாள். "அளந்து பார்த்தால் தெரிந்துவிடும், அம்மா, வா" என்று அவளுடன் சென்றோம்.

முதலில் பார்க்க வேண்டியது மீட்டரும் மின்கணக்கு அட்டையும் ஆகும். அட்டையில் எழுதப்பட்ட எண் மீட்டரில் காணும் எண்ணோடு பொருந்துகின்றதா என்றும், கணக்கு எத்தனை நாள்களுக்கு உரியது என்றும் நோக்குதல் வேண்டும். 2020ஆம் ஆண்டில் கொரோனா நோய் பரவிய ஊரடங்குக் காலத்தில், கணக்கெடுப்போர் தமிழ்நாட்டில் வீடுதோறும் செல்ல இயலவில்லை. முந்தைய கணக்கின்படியே கட்டணம் பெறப்பட்டது. பின்னர் நான்கு மாதச் செலவு ஒருங்கே கணக்கிடப்பட்டு இரண்டாகப் பகுக்கப்பட்டது. அதனால் கட்டணம் மிகுந்துவிட்டதெனப் பலர் முறையிட்டனர். சென்னை உயர்நீதிமன்றத்தில் வழக்கும் நடைபெற்றது. ஆதலின், கணக்கைச் சரிபார்த்தலே முதற்படியாகும். எறையூர் வீட்டில் எண்கள் பொருந்தின, நாள்களும் மிகவில்லை.

கட்டணம் அலகுகளைவிட விரைந்து ஏறும் என்பதையும் இங்கே அறிதல் வேண்டும். 2022ஆம் ஆண்டு செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த விகிதப்படி, வீடுகளுக்கு இரண்டு மாதங்களில் முதல் 100 அலகுகளுக்குக் கட்டணம் இல்லாதிருந்தது. 218 அலகுகளுக்கு அப்பொழுது 306 ரூபாய் ஆயிற்று. 500 அலகைக் கடந்தாலோ, இடைப்பட்ட அலகுகளுக்குரிய சலுகையும் நீங்கியது. ஆதலின் 545 அலகுகளுக்கு 2,310 ரூபாய் ஆயிற்று. செலவு இரண்டரை மடங்கு. கட்டணமோ ஏழரை மடங்கு!

இரண்டாவது படி, வீட்டிலுள்ள ஒவ்வொரு கருவிக்கும் கணக்கு எழுதுதல். ஆயிரம் வாட் ஆற்றலுள்ள கருவி ஒருமணி நேரம் இயங்கினால் செலவாவது ஓர் அலகு. இதனையே மக்கள் யூனிட் என வழங்குவர். அப்பெண் படிக்கும் எல்.இ.டி. விளக்கு 9 வாட் ஆற்றல் உடையது. நாளொன்றுக்கு ஐந்து மணி நேரம் எரிந்தாலும், அறுபது நாள்களில் அதன் செலவு 2.7 அலகே. 75 வாட் மின்விசிறி நாளும் பத்து மணி நேரம் சுழன்றால் அறுபது நாள்களில் 45 அலகு ஆகும். இவ்வாறே குளிர்பதனப் பெட்டி, தண்ணீர் மோட்டார், மாவரைக்கும் இயந்திரம் ஆகியவற்றையும் கணக்கிட்டோம். எல்லாவற்றையும் கூட்டியும் 220 அலகைத் தாண்டவில்லை. மகள்மேல் சுமத்திய பழி நீங்கிற்று. ஆயினும், எஞ்சிய 325 அலகுகள் எங்கே சென்றன?

மூன்றாவது படி, எல்லாக் கருவிகளையும் நிறுத்திவிட்டு மீட்டரை நோக்குதல். இக்கால மீட்டரில் சிறிய சிவப்பு விளக்கொன்று மினுங்கும். அம்மீட்டரில், ஓர் அலகிற்கு 3200 முறை மினுங்கும் எனப் பொறிக்கப்பட்டிருந்தது. எதுவும் இயங்காதபொழுது அது மினுங்குதல் கூடாது. ஆனால் அன்றிரவு, எல்லாம் நிறுத்தப்பட்ட பின்னரும், அது நிமிடத்திற்குப் பன்னிரண்டு முறை மினுங்கியது! அப்பெண்ணே கணக்கிட்டாள்: ஒருமணி நேரத்தில் 720 முறை, ஒருநாளில் 17,280 முறை, அஃதாவது 5.4 அலகு. அறுபது நாள்களில் 324 அலகு. தேடிய கணக்கு கிடைத்துவிட்டது. ஒருவரும் பயன்படுத்தாத மின்சாரம் இரவும் பகலும் எங்கோ ஒழுகிக்கொண்டிருந்தது.

மறுநாள் உரிமம் பெற்ற மின்பணியாளர் ஒருவர் வரவழைக்கப்பட்டார். அவர் இணைப்புகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தார். மாட்டுக் கொட்டகைக்குச் செல்லும் இணைப்பைப் பிரித்ததும் மினுக்கம் நின்றது. கொட்டகையில் உள்ள விளக்கின் சுவிட்சு நிறுத்தப்பட்டே இருந்தது. ஆயினும் அச்சுவிட்சு வரையில் செல்லும் கம்பியில் எந்நேரமும் மின்சாரம் இருந்தது. கூரையின்கீழ் அக்கம்பியின் மேலுறையை எலி கடித்திருந்தது. வெளிப்பட்ட செம்பு, மழையில் நனைந்து ஊறிய மண்சுவரைத் தொட்டுக்கொண்டிருந்தது. அச்சுவரின் வழியாகவே மின்சாரம் நிலத்தில் இறங்கியது.

இதனைக் கேட்டுக்கொண்டிருந்த பாட்டியார், "பத்து நாளாக அந்தச் சுவரில் கை வைத்தால் சுருக்கென்று இருந்தது. எனக்கு நரம்புத் தளர்ச்சி என்றல்லவா எண்ணினேன்!" என்றார். அனைவரும் பேச்சற்று நின்றனர். காலணி இன்றி ஈரத்தரையில் நின்று, விடியற்காலையில் பால் கறப்பவர் அவரே. இன்னும் ஒரு பெருமழை பெய்திருந்தால் அவர்க்கும் மாடுகட்கும் என்ன நேர்ந்திருக்கும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

பழைய கம்பி அகற்றப்பட்டுப் புதிய கம்பி குழாயினுள் அமைக்கப்பட்டது. எர்த் கம்பியும் செவ்வை செய்யப்பட்டது. மின்கசிவு நேர்ந்தவுடன் மின்னோட்டத்தைத் தானே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. என்னும் கருவியும் பொருத்தப்பட்டது. 30 மில்லி ஆம்பியர் அளவு கசிந்தாலும் அது நொடிப்பொழுதில் துண்டித்துவிடும். அவ்வீட்டில் கசிந்ததோ ஏறத்தாழ ஓர் ஆம்பியர். அதாவது அதனினும் முப்பது மடங்கிற்கு மேல்.

மாணவர்களே! மீட்டரைப் பார்த்தலும் கணக்கிடுதலும் உங்களால் இயலும். ஆனால், மின்பெட்டியைத் திறத்தலும் கம்பியைத் தொடுதலும் உங்கள் வேலை அல்ல. அவற்றை மின்பணியாளரிடமே விடுதல் வேண்டும். சுவரிலோ குழாயிலோ சிறிது அதிர்ச்சி உணர்ந்தாலும் உடனே பெரியோரிடம் கூறுங்கள். மீட்டரிலேயே பழுது என்று ஐயுற்றால், உரிய கட்டணம் செலுத்தி அதனைச் சோதிக்குமாறு மின்வாரியத்தைக் கேட்கலாம்.

கட்டணம் மிகுந்ததை இழப்பு என்றே அக்குடும்பத்தினர் முதலில் எண்ணினர். அஃது உண்மையில் ஓர் எச்சரிக்கை. விளக்கை அணைக்கச் சொல்லி அமைந்திருந்தால், மிஞ்சுவது 2.7 அலகு; சுவரில் இருந்த ஆபத்தோ அவ்வாறே இருந்திருக்கும். அளந்தறிந்ததனால் ஒரு பெண்ணின் படிப்பும், ஒரு மூதாட்டியின் உயிரும் காக்கப்பட்டன. அன்றிரவு தந்தையாரே மகளின் அறைக்குச் சென்று விளக்கை ஏற்றி வைத்தார்.