தாய் கேட்டதும் வேர் கேட்பதும்

1908 மார்ச் மாதம் தாமிரபரணிக் கரையில் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் பேசிய கூட்டங்களில் தேசம் விலங்கு பூண்ட தாயாக நின்றது. தாய் என்று சொன்ன மாத்திரத்தில் கேட்பவன் பிள்ளையாகிவிடுகிறான். கடமையும் கூடவே வந்துவிடுகிறது. தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளியின் கூலியும் சுதேசிக் கப்பலும் அந்த உறவுக்குள் அடங்கின. மார்ச் 12-இல் இருவரும் கைதானார்கள். மறுநாள் நெல்லையில் கடைகள் அடைபட்டன. நகராட்சி அலுவலகம் எரிந்தது. துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் மாண்டார்கள்.

தாயின் மடி எப்போதும் அவ்வளவு அகலமாக இருந்ததில்லை. 1911 ஜூன் 17 அன்று மணியாச்சியில் கலெக்டர் ஆஷைச் சுட்ட வாஞ்சிநாதன் பாரத மாதா சங்கத்தவர். அவர் சட்டைப்பையில் இருந்த கடிதத்தில் நாட்டு விடுதலையும் சநாதன தர்மமும் ஒன்றாகிவிட்டன. எல்லோருக்கும் தாயாக இருந்தவள் சிலருக்கு மட்டும் தாயானாள்.

இன்று நெல்லைச் சீமையின் பெருமைப் பேச்சில் தாயின் இடத்தைத் தொன்மை என்னும் வேர் பிடித்திருக்கிறது. ஆதிச்சநல்லூரின் முதுமக்கள் தாழிகளை அலெக்சாண்டர் ரீ தோண்டியெடுத்தது 1900-ஐ ஒட்டிய ஆண்டுகளில். ஆனாலும் அன்றைய சுதேசி மேடைக்குத் தாயே போதுமானவளாக இருந்தாள். 2021 செப்டம்பரில் சட்டமன்றத்தில் முதல்வர் ஸ்டாலின், சிவகளைத் தாழியில் கிடைத்த நெல்லுக்குக் கி.மு. 1155 என்று காலக்கணிப்பு வந்திருப்பதை அறிவித்தார். தாமிரபரணியின் பழம்பெயரான பொருநையின் பெயரில் நெல்லையில் அருங்காட்சியகம் அமையும் என்றார். ஆதிச்சநல்லூரில் இப்போது கண்ணாடித் தளத்தின் மேல் நின்று, காலுக்குக் கீழே புதைந்த வாக்கில் இருக்கும் தாழிகளைக் குனிந்து பார்க்கலாம்.

தாய்க்குப் பிள்ளை வேண்டும். வேருக்குச் சான்று வேண்டும். ஆய்வறிக்கையைக் கேட்பதால் வேர் யாரையும் துப்பாக்கி எடுக்கச் சொல்வதில்லை. அது நல்லதுதான். ஆனால் 'யார் முந்தி?' என்ற கேள்வி எழுந்தால், பிந்தி வந்தவன் கதி என்ன என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும். முந்தியவனுக்கும் வேர் ஒன்றும் சோறு போட்டுவிடவில்லை. 1999 ஜூலை 23 அன்று, கூலி கேட்ட மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காக நெல்லை கலெக்டர் அலுவலகம் நோக்கி வந்த ஊர்வலத்தைப் போலீஸ் தடியால் அடித்து விரட்டியது. தாமிரபரணி ஆற்றுக்குள் ஓடியவர்களில் பதினேழு பேர் பிணமாயினர்.

உருவகம் இல்லாமல் தேசத்தைப் பேச முடியாது. எந்த உருவகமானாலும் கூலி கேட்டு வருபவனை அது எங்கே நிறுத்துகிறது என்று பார்த்தால் அதன் தரம் தெரிந்துவிடும். பொருநையின் பெருமை பேசுபவர்கள் சிவகளை நெல்லைச் சொல்லும்போது அந்தப் பதினேழு பேரையும் சேர்த்துச் சொல்லட்டும்.